முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாமே

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் அது 28.4தான். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்கள், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. இப்படி வருபவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வாசலைத் திறந்துவிட்டோம், சரி. உள்ளே எழுதப்படாத விதிகள் ஏராளம். அசைன்மென்ட் என்றால் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதா, சொந்தமாக யோசித்து எழுதுவதா? தேர்வைத் தவறவிட்டால் மறுவாய்ப்பு உண்டா? பேராசிரியரின் மகளுக்கு இவை வீட்டிலேயே தெரிந்துவிடும். நெசவுத் தொழிலாளியின் மகளுக்கு யார் சொல்வார்கள்? பருவம் முழுவதற்குமான பாடத் திட்டத்தையும், மாணவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையும் முதல் வகுப்பிலேயே எழுத்தில் தருவதைச் சமத்துவத்தின் அடிப்படைத் தேவையாகவே பார்க்க வேண்டும். நல்லாசிரியர் ஒருவரின் பெருந்தன்மைக்கு அதை விட்டுவிடக் கூடாது.

கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக 100க்கு 25 மதிப்பெண் இன்டர்னல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில், எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கே அது 40. இவ்வளவு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது, அது எப்படிப் போடப்படுகிறது என்பது மாணவருக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி ஆன் வின்கெல்ம்ஸ் குழுவினர் 2014-15இல், சிறுபான்மை இனத்தவர் அதிகம் படிக்கும் 7 கல்வி நிறுவனங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். ஆசிரியர்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது: பருவத்துக்கு இரண்டே இரண்டு அசைன்மென்ட்களில், இதை ஏன் செய்கிறோம், எப்படிச் செய்ய வேண்டும், எதை வைத்து மதிப்பெண் தரப்படும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மாணவர்களின் தன்னம்பிக்கையும் ‘இது என் இடம்’ என்ற உணர்வும் உயர்ந்தன. முதல் தலைமுறை மாணவர்களிடமும் ஏழை மாணவர்களிடமும் அந்த உயர்வு கூடுதலாக இருந்தது. பெரும்பாலும் மாணவர்கள் தாங்களே சொன்னதன் அடிப்படையிலான முடிவுகள் இவை, நம் வகுப்பறைகளும் வேறு மாதிரியானவை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால், தெரியாதவருக்குச் சொன்னால் அவருக்குத்தான் லாபம் அதிகம் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

சொல்வதற்கு முதலில் திட்டம் இருக்க வேண்டும். முதல் இரண்டு யூனிட்டை ஆற அமர நடத்திவிட்டு, ஐந்தாவதைக் கடைசி வாரத்தில் குறிப்புகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் நாம் அறியாததல்ல. பல்கலைக்கழகத் தேர்விலோ ஐந்து யூனிட்டிலிருந்தும் கேள்வி வரும். வேடிக்கை என்னவென்றால், திட்டம் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. நாக், என்பிஏ ஆகிய தர மதிப்பீட்டு அமைப்புகளின் ஆய்வுகளுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் ஃபைல் தயாராகிறது. எந்த வாரம் எந்தப் பகுதி, அதனால் மாணவர் அடைய வேண்டிய திறன் என்ன என்று அட்டவணையே அதில் உண்டு. ஆய்வுக் குழு புரட்டிப் பார்க்கிறது. படிக்கிற பிள்ளை பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அது ஊட்டிவிடுவதாகாதா என்று சில பேராசிரியர்கள் கேட்பார்கள். மதிப்பெண் எதற்கு என்று சொல்வது விடையைச் சொல்வதாகாது. உண்மையான ஊட்டல், தேர்வுக்கு முன் ‘முக்கிய வினாக்கள்’ குறித்துக் கொடுப்பதில்தான் நடக்கிறது. திட்டம் ஆசிரியரின் சுதந்திரத்தைக் கட்டிப்போடும் என்பதும் பொருந்தாது. வகுப்பு தடுமாறினால் தேதியை மாற்றலாம், மாற்றியதைச் சொல்லிவிட்டால் போதும். மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது: எந்தப் பாடம் என்பதே வகுப்பு தொடங்கும்போதுதான் தெரிகிறது என்றால் எப்போது திட்டமிடுவது? அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளை நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. பழியை அவர்கள் தலையில் கட்ட முடியாது. துறைத் தலைவர்கள் பாட ஒதுக்கீட்டை முந்தைய பருவ விடுமுறைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கௌரவ விரிவுரையாளர் நியமனங்களை வகுப்புகள் தொடங்கும் முன்பே உயர்கல்வித் துறை முடித்துத் தர வேண்டும். அதன் பிறகு, பாடத்துக்கு ஒரு பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும், முதல் வகுப்பிலேயே மாணவர் கைக்கு வந்தாக வேண்டும் என்று கல்லூரிகள் விதி செய்யட்டும்.