ஆர்க்கிடெக்சர் மாணவருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் போதுமா?

பி.ஆர்க். படிப்பில் இடம் கிடைத்ததுமே பெற்றோர் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடுகிறார்கள். என் சித்தி மகனுக்கும் அப்படித்தான், கடைக்காரர் சொன்ன விலைக்கே ஒன்று வாங்கினார்கள். முதல் ஆண்டு முழுக்க டிராயிங் போர்டும் டி ஸ்கொயரும்தான் அவன் கையில் இருந்தன. கம்ப்யூட்டரில் சினிமா பார்த்தான். இது ஐந்தாண்டுப் படிப்பு. கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரைந்து ரெண்டர் செய்ய வேண்டிய காலம் வரும்போது, முதல் ஆண்டில் வாங்கியது பழசாகிவிடும். அவசரப்படாதீர்கள் என்பதே என் கருத்து.

சாப்ட்வேர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. "ஆட்டோகேட் சும்மா போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். திருட்டுக் காப்பியை இயக்க ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே கம்ப்யூட்டரில்தானே அப்பா பேங்க் கணக்கையும் பார்க்கிறார்! ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. படிப்பதற்கான சான்று காட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். 2002-லிருந்து ஓப்பன் சோர்ஸாக இருக்கும் பிளெண்டரை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம். ரெவிட், விண்டோஸில் மட்டுமே இயங்கும். மேக் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இனி கல்லூரிகளிடம் ஒரு கேள்வி. சித்தி மகனின் கல்லூரியில் நல்ல லேப் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். டிசைன் மாணவன் வேலை செய்வதோ ராத்திரியில்! நாங்கள் சாப்ட்வேர் கம்பெனியில், வீட்டுக்குக் கிளம்பும்போது பெரிய வேலைகளை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு வருவோம். காலையில் முடிந்திருக்கும். ரெண்டரிங்கும் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டடத்துக்குள் நடந்து போவது போன்ற ஒரு நிமிடப் படத்துக்கு, நொடிக்கு 25 வீதம் 1,500 பிரேம்கள் வேண்டும். ஒரு பிரேமுக்கு 2 நிமிடம் என்றால், வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் 50 மணி நேரம் ஓட வேண்டும். ஒவ்வொரு பிரேமும் தனித்தனி என்பதால் பிரித்துக் கொடுக்கலாம். அதே திறனுள்ள 25 மெஷின்கள் லேப்பில் இருந்தால் சுமார் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். பூட்டிய அறைக்குள் அவை சும்மா கிடக்கின்றன. கரண்ட் பில்லைக் காரணம் காட்டுவார்கள். சப்மிஷன் வாரங்களில் மட்டுமாவது இரவு ஓடவிடலாமே?

பிளாட்டருக்கும் வீட்டில் மாற்று கிடையாது. ஒரு ஏ1 தாள் என்பது எட்டு ஏ4 தாள்கள். உங்கள் பிரிண்டரில் அடித்து ஒட்டினால் கோடுகள் சேராது. சேர்க்கைக்குப் போகும்போது லேப் எத்தனை மணி வரை, பிளாட்டரில் ஒரு தாளுக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பிளாட் எடுக்கக் கொண்டுபோகும் படத்தை பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய ஆட்டோகேடில் சேமித்த ஃபைல், லேப்பில் உள்ள பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம்.