‘அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’: நெல்லையில் ஒரு குழந்தைக்கு தெரபி கிடைக்க எத்தனை பஸ் ஏற வேண்டும்?

“பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகப்போவுது, இன்னும் பேச்சு வரலையே” என்று யாராவது கவலைப்பட்டால், நெல்லைப் பக்கம் பல வீடுகளில் பதில் தயாராக இருக்கும்: “அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான், எல்லாம் வரும்.” அதைச் சொன்னது ஆச்சி என்றால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பல குழந்தைகள் விஷயத்தில் ஆச்சி சொன்னது சரியாகவே போய்விடும். சிக்கல், சரியாகப் போகாத குழந்தைகளுக்குத்தான். பேச்சு வராததற்குக் காரணம் காது கேளாமையாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எது என்று பார்த்தால்தானே தெரியும்?

இது எத்தனை வீட்டுப் பிரச்சினை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் சுமார் 20 லட்சம் பேர், அதாவது அந்த வயதினரில் 1.24 சதவீதம். ஆனால், நாட்டின் ஐந்து பகுதிகளில் குழந்தைகளை நேரடியாகப் பரிசோதித்து 2018-ல் வெளியான ஆய்வு வேறு கணக்கு சொன்னது. பார்வை, செவித்திறன், பேச்சு, வலிப்பு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தவர்கள் 2 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.2 சதவீதம். இரண்டு கணக்குகளின் வரையறைகளும் வேறு என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து கேட்டுக் குறித்துக்கொள்வதற்கும், குழந்தையை உட்கார வைத்துப் பரிசோதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

அப்படி என்ன அவசரம்?

காது கேளாமையை எடுத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். பிறந்து 1 மாதத்துக்குள் ஸ்க்ரீனிங், 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும். உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் இலக்கு இது. பேச்சைக் கேட்டுப் பழக வேண்டிய மூளைக்கு, ஒலியே போகாமல் முதல் சில வருடங்கள் கடந்துவிட்டால், பிறகு என்ன கருவி வைத்தாலும் பலன் குறைந்துகொண்டே போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு 6 வயதுக்குட்பட்டவர்கள் என்று வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான். “அஞ்சு வயசு வரைக்கும் பாப்போம்” என்று ஒரு குடும்பம் காத்திருந்தால், லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சையை இலவசமாகப் பெறும் வாய்ப்பும் சேர்ந்து கரைகிறது.

இதில் நெல்லைக்கு ஒரு பெருமை உண்டு. செவித்திறன் குறைந்தோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளிகள் பாளையங்கோட்டையில் தொடங்கி நூறு வருடங்களுக்கு மேல் ஆகின்றன. ஆனால் பள்ளி என்பது ஐந்தாறு வயதில் தொடங்கும் விஷயம். இங்கே நாம் பேசுவது அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எல்லாக் குழந்தைகளையும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஸ்க்ரீனிங் செய்து, ஆபத்து அறிகுறி உள்ளவர்களைக் கண்டறிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது (பிரிவு 25). அதே சட்டத்தின் பிரிவு 31, இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரை தருகிறது. ஆக, 6 வயதுக்குக் கீழே ‘கண்டுபிடி’ என்பது தெளிவாக இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் தருவது என்பது திட்டங்களின் கையில் விடப்பட்டிருக்கிறது.

கண்டுபிடிக்கும் வேலைக்கு 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) இருக்கிறது. இதன் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இருமுறை, பள்ளிகளுக்கு ஒருமுறை போக வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெயர் வாயில் நுழையாது என்பதால் ‘டி.இ.ஐ.சி.’ என்று கேட்டாலே ஆஸ்பத்திரியில் புரியும். நெல்லையில் அது ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்குகிறது. குழந்தைகள் நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதே இதன் வழிகாட்டு நெறி. எல்லாம் இலவசம்.

அங்கன்வாடியை இங்கே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு குழந்தையை அதே வயதுள்ள பத்துக் குழந்தைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கும் முதல் இடம் அதுதான். 2019-ல் அப்போதைய நெல்லை ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் மகளைப் பாளையங்கோட்டை அங்கன்வாடியில் சேர்த்தது நினைவிருக்கலாம். நடுத்தரக் குடும்பங்கள் பலவும் அங்கன்வாடிப் பக்கம் போவதில்லை, நேராக ப்ளே ஸ்கூல்தான். அப்படிப் போகிற குழந்தைகள் அரசின் ஸ்க்ரீனிங் வலையில் விழுவதே இல்லை.

அப்படியென்றால் எங்கே அறுந்து போகிறது?

பஸ்ஸில்.

காய்ச்சலுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி போனால் போதும். தெரபி அப்படியில்லை. வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை போய்வர ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பாபநாசத்துக்கு மேலே காணிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அம்பாசமுத்திரம் வந்து சேர்வதே ஒரு பயணம். உடம்பு விறைப்பாக இருக்கும், கழுத்து நிற்காத நான்கு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் ஏறி இறங்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

டிக்கெட் காசு பெரிய செலவில்லை. நாள்தான் செலவு. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று இந்தப் பகுதி முழுக்கப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அரை மணி நேர தெரபிக்காக ஒரு முழுநாள் போனால் அன்றைய வருமானம் பூஜ்யம். முதல் மாதம் எட்டு முறை போவார்கள், அடுத்த மாதம் மூன்று, அதற்கடுத்து கோயில் கொடை, மழை, மூத்த பிள்ளைக்குப் பரீட்சை. பதிவேட்டில் இது ‘சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்’ என்று ஒரு வரியாக முடியும். குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கென்னவோ, வாரம் மூன்று முறை 75 கிலோமீட்டர் வரச் சொல்வதைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆய்க்குடி கண்டுபிடித்த வழி

இந்தக் கேள்விக்கு உருப்படியான ஒரு பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாமிரபரணியில் சேரும் சிற்றாற்றுப் படுகையில், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை இதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான்.

பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். சொந்த ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பி, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பிறகு அவருடன் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

குழந்தைகள் விஷயத்தில் இவர்கள் செய்தது, போக்குவரத்தைத் தலைகீழாகத் திருப்பியது. குழந்தையை மையத்துக்கு வரச் சொல்வதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். பிசியோ, பேச்சு, தொழில்முறைப் பயிற்சி நிபுணர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் குழந்தையை மதிப்பிட்டு இலக்கு வைப்பார்கள். அதை அன்றாடம் எப்படிச் செய்வது என்று பெற்றோருக்குக் கற்றுத் தருவது களப் பணியாளர். இடையில் பாலமாக இருப்பது ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலி. வீட்டில் எடுக்கும் பதிவுகளை ஆய்க்குடியில் இருக்கும் நிபுணர் பார்த்துத் திட்டத்தை மாற்றிக் கொடுக்க முடியும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சாதாரணக் கணக்கே போதும். வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் என்றால் தெரபி அறையில் குழந்தை இருப்பது ஒன்றரை மணி நேரம். அதே வாரத்தில் அது விழித்திருப்பது சுமார் 80 மணி நேரம், அதுவும் வீட்டில். சாப்பாடு ஊட்டும்போது எப்படி உட்கார வைப்பது, தண்ணீர் கேட்க எப்படிக் கைகாட்டச் சொல்வது, குளிப்பாட்டும்போது எந்தக் காலை எப்படி நீட்டுவது என்று அம்மாவுக்கும் ஆச்சிக்கும் தெரிந்துவிட்டால் அந்த 80 மணி நேரத்தில் பாதியாவது உபயோகப்படும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டுத் தெரபி என்ற பெயரில் மொத்த வேலையும் அம்மா தலையில் விழக்கூடும். நிபுணரின் மேற்பார்வை இல்லாமல், ‘உள்ளூர்ப் பணியாளர் போதும்’ என்று செலவைக் குறைக்கவும் அரசுகளுக்கு ஆசை வரலாம். ஆய்க்குடி முறையின் உயிர், பின்னால் இருக்கும் நிபுணர் குழு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வீட்டு விசிட்.

அரசு என்ன செய்கிறது?

2022 ஜூனில் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்த ‘தமிழ்நாடு உரிமைகள் திட்டம்’ இந்தத் திசையில்தான் போகிறது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, கோட்ட, வட்டார அளவில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒரே இடத்தில் எல்லா தெரபியும் தரும் மையங்கள். கட்டடம் திறப்பது சுலபமான பாதி. பேச்சுப் பயிற்சியாளரையும் தொழில்முறைப் பயிற்சியாளரையும் சிறு ஊர்களில் தொடர்ந்து வைத்திருப்பதுதான் கஷ்டமான பாதி. உங்கள் ஊரில் மையம் திறந்தால், திறப்பு விழாப் படத்தை விட, ஆறு மாதம் கழித்து அங்கே எந்தெந்த நிபுணர் எந்தெந்தக் கிழமை வருகிறார் என்ற பலகையைப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்து, பிள்ளை ஊரில் தாத்தா ஆச்சியிடம் வளர்கிறதா? அல்லது அக்கா பிள்ளையைப் பற்றி ஒரு சின்ன உறுத்தல் இருக்கிறதா? தாய் சேய் நல அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் புரட்டும் அந்த அட்டையில் வளர்ச்சிப் படிநிலைகளும் இருக்கின்றன. 9 மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதில் “பால் தா” மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பேசிய பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். “செல்போன் பார்த்ததாலதான்” என்று யாராவது சொன்னால், போனை நிறுத்துங்கள், நல்லதுதான். ஆனால் நிறுத்திப் பார்க்கிறோம் என்று பரிசோதனையை ஆறு மாதம் தள்ளிப் போடாதீர்கள்.

பலர் தேங்கி நிற்பது சான்றிதழில். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உதவித்தொகைக்குத் தேவை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் ‘நிராமயா’வுக்கும் சான்று வேண்டும். ஆனால் டி.இ.ஐ.சி.-யில் பரிசோதிக்கவும் தெரபி தொடங்கவும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வட்டார வள மையத்திலும் விசாரியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் அங்கே இருக்கிறார்கள், பெரும்பாலும் வீட்டுக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான்.

தனியார் மையம் என்றால், பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். ‘ஆட்டிசத்தை ஸ்டெம் செல் மூலம் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் வந்தால் அப்படியே கடந்து போங்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் இன்னொன்று. புது இடத்தில் குழந்தை அழும், ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும், வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது. அதனால் விளையாடும்போது, சாப்பிடும்போது, கூப்பிட்டால் திரும்பாதபோது என்று இரண்டு மூன்று நிமிட வீடியோக்களை ஆச்சியின் போனிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் அதைக் காட்டலாம்.