கேம்பிறிட்ஜும் மூலதனத்தின் அலகும்

கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியலைத் தனியொரு பட்டநெறியாக 1903இல் நிலைநாட்டியவர் அல்பிரட் மார்ஷல். கெயின்சின் பொதுக் கோட்பாடு 1936இல் அங்கிருந்தே எழுந்தது. ஆயினும் கேம்பிறிட்ஜ்ப் பொருளியல் என உலகு அறிந்த மரபு இன்று அப்பீடத்தில் ஏறக்குறைய இல்லை. ஏன் என வினவுவோர்க்கு ஆயத்த விடையொன்று உண்டு. ஜோன் றொபின்சன் அம்மையாரும் பியரோ சிராபாவும் 1983இலும், நிக்கலஸ் கால்டோர் 1986இலும் காலமாயினர், அவர்தம் கொள்கைகளும் உடன் காலமாயின, விஞ்ஞானம் முன்னேறிவிட்டது. இவ்விடை வசதியானது, உண்மையன்று.

றொபின்சன் அம்மையார் 1950களில் எழுப்பிய வினா மிக எளியது. உற்பத்திச் சார்பில் மூலதனம் எனக் குறிக்கப்படுவது எந்த அலகினால் அளக்கப்படுகிறது? உழைப்பை மணித்தியாலத்தால் அளக்கலாம். நிலத்தை ஏக்கரால் அளக்கலாம். தறியையும் உழவு இயந்திரத்தையும் எவ்வாறு கூட்டுவது? விலையினாற் கூட்டலாமெனின், அவ்விலையைக் கணிக்க இலாப வீதம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். இலாப வீதத்தை விளக்குவதற்கே அச்சார்பு பயன்படுத்தப்படுகிறது! சிராபா 1960இல் வெளியிட்ட, நூறு பக்க அளவேயான நூல் இவ்வாதத்துக்கு வலுவூட்டியது. இலாப வீதம் குறையும்போது கைவிடப்பட்ட உற்பத்தி முறையொன்று, அது மேலும் குறையும்போது மீண்டும் இலாபகரமானதாகலாம் என்பதை எதிரணித் தலைவரான போல் சாமுவேல்சனே 1966இல் ஏற்றுக்கொண்டார்.

தோல்வியை ஒப்புக்கொண்ட அணியின் பாடநூல்களே உலகெங்கும் பரவின. மாணவன் மூலதனத்தின் எல்லை உற்பத்தித்திறனை வகையிட்டுக் காண்கிறான், முழுப்புள்ளி பெறுகிறான், அலகு யாது என அவனை எவரும் கேட்பதில்லை. மொத்த மூலதனம் என்பது நடைமுறைக்குப் போதுமான அண்ணளவு என்போர் உளர். அது மதிக்கத்தக்க வாதமே. ஆயின் அதையும் மறுப்பையும் அருகருகே வைத்துக் கற்பிக்கத் தயங்குவது ஏன்?

மரபு மறைந்தது மூப்பினாலன்று. வின் கொட்லி தலைமையிலான கேம்பிறிட்ஜ்ப் பொருளாதாரக் கொள்கைக் குழுவுக்கான நிதியை 1982இல் சமூக விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் நிறுத்தியது. 1986 முதல் பிரித்தானியாவில் நடைபெற்ற ஆராய்ச்சி மதிப்பீடுகள், எந்தச் சஞ்சிகையில் எழுதினார் என்பதை நியமனத்தின் உரைகல்லாக்கின. அச்சஞ்சிகைகளோ ஒரு சிந்தனைப் பள்ளியின் கையில் இருந்தன. அஷ்வனி சைத் 2022இல் வெளியிட்ட பெருநூல் இக்கதையை விரிவாகக் கூறுகிறது. மூத்தோரும் குற்றமற்றவரல்லர். தமக்குள் பூசலிட்ட அவர்கள், பின்வருவோர்க்கு இடம் தேடிக்கொடுக்கத் தவறினர். றொபின்சன் அம்மையாருக்கே 1965இல், கணவர் ஓய்வுபெற்ற பின்னரே, பேராசிரியர் பதவி கிட்டியது என்பதும் நினைவுகூரத்தக்கது.

கேம்பிறிட்ஜின் கலாநிதிப் பட்ட மாணவர் இருபத்தெழுவர் 2001இல் கூட்டறிக்கை வெளியிட்டு, பொருளியலை ஏனைய அணுகுமுறைகளுக்கும் திறந்துவிடுமாறு கோரினர். அமெரிக்கத் தனியார் துறையின் கடன் பெருக்கம் நிலைக்காது என 1999இலேயே எச்சரித்தவர் கொட்லி. நெருக்கடி வெடித்த 2008 நவம்பரில், இலண்டன் பொருளியற் கல்லூரிக்குச் சென்ற எலிசபெத் அரசியார், இதை எவரும் காணாதது ஏன் என வினவினார். கண்டவர் இருந்தார். அவரது குழுவுக்கான நிதி இருபத்தாறு ஆண்டுகளின் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது.

இது அயலார் வீட்டுப் பிணக்கன்று. றொபின்சன் அம்மையாரும் கால்டோரும் 1950களின் இறுதியில் இலங்கை அரசுக்கு ஆலோசனை கூற வந்தவர்கள். அவர்தம் கட்டுரைகள் 1959இல் கொழும்பில் நூலுருப் பெற்றன. கால்டோர் பரிந்துரைத்த செலவு வரியும் அவ்வாண்டே இங்கு சட்டமாயிற்று. அவர்களின் பெயரறியாமலே இலங்கை மாணவனொருவன் பொருளியற் பட்டம் பெறுவானாயின், அப்பழி பாடவிதானம் வகுத்தோரையே சாரும். மூலதனத்தின் அலகு யாது என்ற வினாவொன்றை இறுதியாண்டு வினாத்தாளிற் சேர்ப்பதற்கு நிதியும் வேண்டியதில்லை, வெளிநாட்டு நிபுணரும் வேண்டியதில்லை.