சாரின் காதும் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரும்



இரண்டு மாதமாக டீச்சர் எதுவும் எழுதவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட் வழக்கு இல்லை, ஹாலில் இருக்கும் ஹோம் தியேட்டர் சம்பந்தப்பட்டது. அதில் நான் தோற்றுவிட்டேன். அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்கு மகன் வாங்கித் தந்த செட் அது. டிவிக்குக் கீழே நீளமாக ஒரு சவுண்ட் பார், மூலையில் ஊஃபர், பின்னால் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். பின்னால் இருப்பவை ஒயர்லெஸ். இரண்டு நாள் லீவில் வந்தான், மாட்டினான், ஒரு படத்தைப் போட்டுக் காட்டினான், பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். படத்தில் ஹெலிகாப்டர் பின்பக்கமிருந்து வந்து தலைக்கு மேல் போனபோது சார் சின்னப் பிள்ளை மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார். (என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு அவர் 'சார்'. வாத்தியார் இல்லை, மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

பொங்கல் கழிந்ததும் ஆரம்பித்தது. "சத்தம் விட்டு விட்டு வருதும்மா" என்பார். நான் சமையலறையிலிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். நன்றாகவே இருக்கும். "இப்ப சரியாத்தானே இருக்கு, என்னங்க?" என்பேன். நாலு தடவை, ஐந்து தடவை. அப்புறம் நானே முடிவு கட்டிவிட்டேன், காதுதான் என்று. வயது 68 ஆகிறது. முப்பது வருஷம் மெஷின் சத்தத்தில் இருந்த காது. மகனிடம் போனில் சொன்னேன், அவனும் ஆமாம் என்றான். டெஸ்ட் எடுத்தோம். வயதுக்குத் தகுந்த மந்தம் கொஞ்சம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. காது மெஷின் பார்க்கலாம் என்ற பேச்சும் வந்தது. இதற்கிடையில் வந்து பார்த்த மெக்கானிக், "பாக்ஸ் போயிடுச்சும்மா, செட்டையே மாத்திடுங்க" என்றார். ஸ்பீக்கரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு சார் ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டார். சாப்பிட்டதும் பால்கனியில் நாற்காலி போட்டு எலக்ட்ரிக் டிரெயின் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். படம் போடவா என்று கேட்டால், "நீ பாரு" என்பார். எனக்கு அது உறைக்கவில்லை என்பதுதான் இன்று என் வருத்தம்.

ஒரு நாள் மளிகை நோட்டைப் புரட்டியபோது கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்து. ஷிப்ட் வேலைப் பழக்கம், எதையும் நேரம் போட்டு எழுதுவார். இரவு 7.35, மூன்று நிமிடம். 8.50, இரண்டு நிமிடம். மறுநாளும் 7.40, 8.50. இருபது நாளுக்கு மேல் எழுதியிருக்கிறார். 7.35 நான் கூட்டு சூடு பண்ணும் நேரம். 8.50 அவருக்குப் பால். இரண்டுமே மைக்ரோவேவ் அவனில்தான். அவன் ஓடும்போது நான் சமையலறையில் நிற்கிறேன். அவன் நின்றதும் ஹாலுக்கு வருகிறேன். எனக்கு எப்படிக் கேட்கும்?

அன்றே ஒரு டம்ளர் தண்ணீரை அவனில் வைத்து இரண்டு நிமிடம் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். காதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் பின் ஸ்பீக்கர். க்... க்... க்... என்று துண்டு துண்டாக வெட்டியது. அவன் 'டிங்' என்றதும் சரியாகிவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே மறந்துவிட்டேன். மந்தமான காதுக்குச் சத்தம் குறைவாகக் கேட்கும், சில எழுத்துகள் தெளிவில்லாமல் கேட்கும். மணி பார்த்து விட்டு விட்டுக் கேட்காது.

காரணம் இதுதான். எங்கள் பின் ஸ்பீக்கர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகின்றன. மைக்ரோவேவ் அவனும் ஏறக்குறைய அதே இடம், 2.45. அதற்குள் நூற்றுக்கணக்கான வாட் சக்தி சுற்றுகிறது. கதவோரம் கசிவது நமக்குக் கெடுதல் இல்லாத அளவுதான், ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னல் அதைவிடப் பூஞ்சையானது. பழைய ரேடியோவாக இருந்தால் 'கர்' என்று இரைச்சல் கேட்கும், பாட்டு நிற்காது. இது டிஜிட்டல். சத்தத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது, ஒரு பொட்டலம் தொலைந்தால் அந்த இடம் மௌனம். நெட்டில் படம் பார்க்கும்போது சில வினாடிகளுக்கான சரக்கை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்ள முடிகிறது. பின் ஸ்பீக்கர் திரையில் வாய் அசைவதோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் அதிகம் சேர்த்துவைக்க வழியில்லை.

நோட்டில் வேறு மாதிரி வரிகளும் இருந்தன. சனி, ஞாயிறு ராத்திரிகளில் அவன் ஓடாத நேரத்திலும் வெட்டியிருக்கிறது. அதற்கு விடை சொன்னது மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன், விஜயவாடாக்காரன். போனில் ஏதோ ஆப் திறந்து, "ஆன்ட்டி, இங்க 31 வைஃபை தெரியுது" என்றான். பொத்தேரி தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. யூனிவர்சிட்டி வந்தபிறகு வீட்டுக்கு வீடு மாணவர் ரூம், ரூமுக்கு ரூம் ரவுட்டர். 2.4 என்பது ஊர்ப் புறம்போக்கு மாதிரி. 2005 முதல் நம் நாட்டில் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை, யார் மாட்டையும் மேய்க்கலாம். (என் அப்பா ரேடியோ கேட்பதற்கே தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டியவர்!) அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். 31 பேருக்கு மூன்று பாதை.

பிறகு நாங்கள் செய்தது, ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும். சவுண்ட் பாருக்கு ஒட்டியே இருந்த ரவுட்டரை ஹாலின் அந்தக் கோடிக்கு மாற்றினோம். இதிலேயே பாதி சரியாயிற்று. டிவிக்கு வைஃபையை நிறுத்திவிட்டு லேன் கேபிள் இழுத்தோம். எங்கள் போன்களைப் பையன் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டரை இருப்பதில் கூட்டம் குறைந்த சேனலில் நிறுத்திவைத்தான். பிளக் ஒயர் தெரியக்கூடாது என்று மகன் ஒரு ஸ்பீக்கரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் தரையில் வைத்திருந்தான். இரும்பைத் தாண்டி அலை வராது. அதை ஸ்டூல் மேல் ஏற்றினோம். ஒன்று கவனியுங்கள், சில கம்பெனி செட்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமே வேலை செய்யும். அவற்றுக்கு இந்த வைத்தியத்தைத் திருப்பிச் செய்ய வேண்டும். முதலில் கூடவந்த புத்தகத்தைப் பாருங்கள்.

அவன் பிரச்சினை மட்டும் முழுதாகப் போகவில்லை. படம் ஓடும்போது பால் கேஸ் அடுப்பில்தான் காய்கிறது.

என் அபிப்பிராயம் இரண்டு. ஒயர்லெஸ் என்ற வார்த்தையே பாதிப் பொய். அந்த ஸ்பீக்கருக்கும் கரண்டுக்கு ஒரு ஒயர் போகத்தான் வேண்டும். சொந்த வீடு, சுவரோரம் கேசிங் அடிக்கலாம் என்றால் ஒயர் செட்டே வாங்குங்கள். அழகு குறையும், ராத்திரி வெட்டாது.

இரண்டாவது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவுக்கு எதையாவது மாட்டிக்கொடுத்தால், பகல் பதினொரு மணிக்கு ஒரு படம் போட்டுக் காட்டிவிட்டு பஸ் ஏறாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு, அவனை ஓடவிட்டு, அவர்கள் உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் ஒரு குறை சொன்னால், வயதாகிவிட்டது என்பதைக் கடைசிக் காரணமாக வையுங்கள். நான் முதல் காரணமாக வைத்தேன். பிள்ளைகள் பொய் சொல்கிறார்களா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசியவள், மூன்று மாதம் கட்டியவரின் பேச்சை நம்பவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு, செட்டு சரியாச்சுல்ல" என்றார்.

நோட்டில் இன்னும் எழுதுகிறார். நேற்றைய வரி: "9.30 வரை ஒரு தடவையும் இல்லை. மிளகாய்த்தூள் அரை கிலோ."