தேடும் பெட்டி, மாற்றும் பெட்டி ஆகிவிடக் கூடாது!

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ். போன் அடிக்கிறது. "ஏனுங்க, 4512 வண்டிக்கு எஃப்.சி. என்னிக்குங்க முடியுது?" கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் அம்புக்குறியைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு வண்டியாகத் தள்ளிப் பார்க்கிறார். முந்நூறு வண்டி என்றால் என்ன ஆவது?

லாரி ஆபீஸோ, கோழிப்பண்ணையோ, சேகோ ஆலையோ... மைக்ரோசாஃப்ட் அக்சஸில் விவரங்களை வைத்திருக்கிறீர்கள் என்றால், இதற்கு ஒரு சுலப வழி உண்டு. ஃபார்மின் மேலே ஒரு பெட்டி. அதில் வண்டியைத் தேர்ந்தெடுத்தால், கீழே அந்த வண்டியின் முழு விவரமும் வந்து நிற்கும்.

எப்படிச் செய்வது?

முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஃபார்மை 'டிசைன் வியூ'வில் திறந்து, 'யூஸ் கன்ட்ரோல் விசார்ட்ஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'காம்போ பாக்ஸ்' எடுத்து, ஃபார்மின் தலைப்பகுதியில் வரையுங்கள். விசார்ட் மூன்று வாய்ப்புகளைக் காட்டும். 'ஃபைண்ட் எ ரெக்கார்ட்' என்று தொடங்கும் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். அது தெரியவில்லை என்றால், உங்கள் ஃபார்ம் ஏற்கெனவே உள்ள ஒரு டேபிளோடோ கொரியோடோ இணைக்கப்படவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் கவனம்!

அவசரத்தில் வேறு வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, பெட்டியை வண்டி எண் கட்டத்தோடு இணைத்துவிட்டால் வம்புதான். பார்க்க அதே பெட்டிதான். ஆனால், நீங்கள் 4512-ஐத் தேர்ந்தெடுத்ததும் அது தேடாது. திரையில் இருக்கும் வேறு வண்டியின் எண்ணை 4512 என்று மாற்றிவிடும். அடுத்த ரெக்கார்டுக்குப் போனதும் அக்சஸ் தானாகவே சேவ் செய்துவிடும், உங்களைக் கேட்காது. ஒரு வண்டியின் எஃப்.சி. தேதி இன்னொரு வண்டியின் பெயரில் நிற்கும். செக்போஸ்ட்டில் மாட்டுவது டிரைவர்தான்.

எனவே, டிசைன் வியூவில் அந்தப் பெட்டிக்குள் 'அன்பவுண்ட்' என்று இருக்க வேண்டும். பிராப்பர்ட்டியில் 'கன்ட்ரோல் சோர்ஸ்' காலியாக இருக்க வேண்டும். தப்பாக மாற்றிவிட்டது தெரிந்தால், நகர்வதற்கு முன்பே 'எஸ்கேப்' பட்டனை இரண்டு முறை தட்டுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்துக்கு இரண்டு டிப்ஸ்

* பெட்டியில் டைப் செய்தால், முதல் எழுத்திலிருந்துதான் பொருத்திப் பார்க்கும். நாமோ கடைசி நான்கு எண்ணைத்தான் சொல்வோம். அதைத் தனிக் கட்டமாக வைத்து, பட்டியலில் முதலில் காட்டுங்கள். ஆள் பெயரில் தேடினால், இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுங்கள்.

* டி.என். 28-லும் 4512 இருக்கலாம், டி.என். 34-லும் இருக்கலாம். அதனால் முழு எண், ஓனர் பெயர் இரண்டையும் பக்கத்தில் காட்டுங்கள். எண்ணை அடித்து உடனே என்டர் தட்டினால், முதலில் இருக்கும் வண்டிதான் வரும். எஃப்4 தட்டிப் பட்டியலை விரித்து, பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

செய்து முடித்ததும், தெரிந்த இரண்டு வண்டிகளை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். எதுவும் மாறாமல் விவரம் சரியாக வந்தால், பிறகு ஆபீஸில் மற்றவர்களிடம் கொடுக்கலாம். அடுத்த போனுக்கு, ஓனர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடலாம்!