விஞ்ஞானிகளைத் துரத்தும் தேசங்கள்

அமெரிக்காவில் ஆய்வுகளுக்கான அரச நிதி வெட்டப்பட்டுவந்த நிலையில், வெளிநாட்டு விஞ்ஞானிகளை ஈர்ப்பதற்கென 500 மில்லியன் யூரோவை ஒதுக்குவதாக ஐரோப்பிய ஆணைக்குழு 2025 மே மாதம் அறிவித்தது. அன்று விஞ்ஞானிகளைத் துரத்திய கண்டமே இன்று அவர்களை அழைக்கின்றது. இம்மாற்றத்தின் பொருளை உணர, இத்தாலிய விஞ்ஞானி ரீட்டா லெவி மொண்டல்சினியின் வாழ்வை நாம் நினைவுகூர்வது பொருத்தமானது.

யூதரான அவர் துரின் பல்கலைக்கழகத்தில் வகித்த பதவியை, முசோலினி அரசு 1938இல் கொண்டுவந்த இனச்சட்டங்கள் பறித்தன. அவரோ வீட்டுப் படுக்கையறையை ஆய்வுகூடமாக்கி, தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழிக் கருக்களின் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தார். அவ்வாய்வைக் கண்ணுற்ற விக்டர் ஹம்பர்கர் விடுத்த அழைப்பின்பேரில், 1947இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். ஹம்பர்கரும் நாஸி ஆட்சியால் ஜேர்மனியில் பதவியிழந்தவரே.

நரம்புக்கலங்களை வளரச் செய்யும் புரதமொன்று உண்டென்பதை 1950களில் அங்குதான் ரீட்டா கண்டறிந்தார். அப்புரதத்தைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனுடன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூலக்கூற்று உயிரியலையும் நரம்பியலையும் இணைத்த இக்கண்டுபிடிப்பு இத்தாலியில் நிகழ்ந்திருக்கலாம்.

பின்னர் இத்தாலி அவரை வரவேற்றது. 2001இல் ஆயுட்கால செனட்டராகவும் நியமித்தது. ஆயினும் இழந்த காலத்தை அக்கௌரவம் ஈடுசெய்யவில்லை. குடிமக்களை இனத்தின் பெயரால் ஒதுக்கும் அரசு, தனது எதிர்காலத்தையே ஒதுக்குகின்றது என்பதே நாம் பெறவேண்டிய பாடமாகும்.