அரைப் பேரும் முழுப் பேரும்

சென்ற தவணையில் ஒரு நாள், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்து பயிலும் மாணவி ஒருத்தி விண்ணப்பப் படிவமொன்றை எம்மிடம் நீட்டினாள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. 'இனம்' என்னும் கட்டம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. "பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதம்மா" என்றோம். "அதில் இந்தியத் தமிழர் என்று இருக்கிறது, ஐயா. நான் இந்தியாவைக் கண்டதில்லை, எங்கள் பாட்டியும் கண்டதில்லை" என்றாள். பல்லாண்டு இலக்கணம் கற்பித்த நாம் அந்தச் சிறு பெண்ணுக்கு விடை கூற இயலாது நின்றோம். அன்று கூறாத விடையை இன்று எழுத முற்படுகின்றோம்.

'அரசியல் சரிநிலை' என்றொரு தொடர் இக்காலத்துக் கற்றோரிடையே பெரிதும் வழங்குகின்றது. பிறரைக் குறிக்குங்கால் அவரை இழிவு செய்யாத சொல்லையே ஆளுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. எனினும், இத்தொடரை ஏளனக் குறிப்போடு கூறுவோரே மிகுதி. 'பெயரை மாற்றினால் வயிறு நிரம்புமா?' என்பர் ஒரு சாரார்; 'இனி வாய் திறக்கவும் அஞ்சவேண்டும்' என்பர் மற்றொரு சாரார். இஃது மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று கருதுவாரும் உளர். தமிழிலக்கணம் கற்றார் அங்ஙனம் கருதார்.

பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துள்ளார். அவையிற் கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். இறந்தாரைத் 'துஞ்சினார்' என்றும், சுடுகாட்டை 'நன்காடு' என்றும் கூறுதல் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. ஒரு மக்கட் கூட்டம் தனக்கென விரும்பி ஏற்கும் பெயரோ இம்மூன்றனுள் ஒன்றுமன்று. அது மறைப்புமன்று, பூச்சுமன்று, மறைமொழியுமன்று. அஃது அவர்தம் இயற்பெயர். இவ்வேறுபாட்டினை உணராமையே இன்றைய வாதத்திலுள்ள குழப்பம் அனைத்திற்கும் காரணமாகும்.

மலைநாட்டு வரலாற்றை நோக்குக. 'கூலி' என்பது பழந்தமிழ்ச் சொல். முயற்சிக்கு உரிய பயன் என்னும் உயர்ந்த பொருளில் வள்ளுவரே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அதனை ஆண்டுள்ளார். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம்மவரைக் கொணர்ந்த ஆங்கிலேயர் காலத்திலோ, ஊதியத்தைக் குறித்த சொல் அதனைப் பெறும் மனிதனுக்கே பெயராகிச் சட்ட ஏடுகளிலும் ஏறிற்று. இதனை ஆகுபெயர் என்று இலக்கணம் அமைதி கூறிவிடலாம். மனிதன் தன் கூலியளவாய்ச் சுருக்கப்பட்டதற்கு எவ்வமைதி கூறுவது? 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்னும் சொற்களோ ஆங்கிலேயர் வாயிற் பிறந்தவை அல்ல. அவை இத்தீவிலேயே, தமிழ் பேசும் நாவிலேயே வழங்கியவை. அவற்றைப் பண்டிதர் வீட்டுத் திண்ணைகளிலும் கேட்டிருக்கின்றோம். கண்டியாது வாளாவிருந்ததும் உண்டு.

வசைச்சொல்லாவது வசை என்று தெரிந்து நின்றது. அரசேட்டுப் பெயரோ அமைதியாக இருந்து ஊழையே மாற்றிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முதல் இம்மக்கள் 'இந்தியத் தமிழர்' எனத் தனியே எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்து 'நாடற்றவர்' என்னும் புதுப்பெயர் பெற்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டுவைத்தது. ஊவாவின் தோட்டங்களிலும் ஒரே குடும்பத்தார் இரு நாட்டவராய்ப் பிரிந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழி திறந்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. பெயரில் என்ன இருக்கின்றது என்று வினவுவோர் இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பாராக.

'மலையகத் தமிழர்' என்னும் பெயரோ எந்தக் கச்சேரியிலும் பிறந்ததன்று. 1960களில் ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் தம்மை மலைநாட்டார் என்று நிமிர்ந்து கூறத் தொடங்கியபோது அது வேரூன்றிற்று. பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப் அவர்கள், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடித் 'தெளிவத்தை ஜோசப்' ஆனார். தோட்டம் என்பதை இழிசொல்லாய்ப் பிறர் ஆண்ட காலத்தில் அதனை அணிகலனாய் அணிந்தவர் அவர். 2022இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாம் ஆண்டினை அப்பெயராலேயே நினைவுகூர்ந்தனர்.

கொழும்பிலும் வன்னியிலும் வாழும் இம்மரபினர்க்கு 'மலையகம்' பொருந்துமா, 'இந்திய வம்சாவளி' என்பதைக் கைவிடலாமா என அவர்களிடையே வாதம் உண்டு. அது நேர்மையான வாதமே. அதனைத் தீர்க்கும் உரிமை அவர்க்கே உண்டு. தமிழகத்து வரலாறு இதற்கு நல்ல சான்று தருகின்றது. 1922இல் சென்னைச் சட்டசபையில் எம். சி. ராஜா முன்மொழிந்த தீர்மானத்தின் வழி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசேடுகளில் ஏறிற்று. அது பாதிக்கப்பட்டோர் தாமே வேண்டிப் பெற்றது. காந்தியடிகள் அன்பினால் 'ஹரிஜன்' என்று பெயரிட்டு, 1933இல் அப்பெயரால் இதழும் நடத்தினார். அம்பேத்கர் அதனை ஏற்றாரல்லர். அன்பே ஆயினும் பிறர் இட்ட பெயர் பிறர் இட்டதே.

ஏளனம் செய்வோர் கூற்றில் ஓர் உண்மையும் உண்டு; அதனையும் மறைத்தலாகாது. மக்களை அவர் வேண்டும் பெயரால் அழைக்கவேண்டும். அவர்தம் நிலையையோ உள்ளபடியே சொல்லவேண்டும். இவ்விரண்டாவதில் மங்கல வழக்குப் புகுமாயின் அது பெருந்தீங்கு. ஒழுகும் லயத்தைத் 'தொழிலாளர் குடியிருப்பு' என்றெழுதினால் கூரை ஒழுகாது நின்றுவிடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமுடையது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அங்கு வேண்டியிருந்தது இனிய பெயரன்று. உறுதியான நிலமும் வீடுமே. அவ்வாறே, புதுச்சொல் அறியாத எளியோரை அறிந்தார் நகைப்பராயின், மதிப்புக்கெனத் தோன்றிய சொல் வெறுங் குழூஉக்குறியாய்த் தாழ்ந்துவிடும். தோட்டத்துப் பாட்டி ஒருத்தி தன்னைக் 'கூலிக்காரி' என்று கூறிக்கொண்டால் அவளைத் திருத்தப் புகுதல் அறிவுடைமையன்று. அவள் கூலியைத் திருத்தப் புகுதலே அறம்.

ஆயினும், வீடு கிடைக்கும்வரை பெயர் பொறுக்கட்டும் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. நாடற்றவர் என்று எழுதப்பட்டவர்க்கு நிலம் கேட்கும் வாயும் அடைபட்டிருந்தது. பெயர் பெற்றவனே உரிமை கேட்கின்றான்.

தோட்டங்களில் ஒரு நாளைய வேலைக்குப் 'பேர்' என்பதே வழக்கு. மலையேறி இறங்கிக் கொய்த கொழுந்து நிறுவையிற் குறையுமாயின் அன்று 'அரைப் பேர்'. இரு நூற்றாண்டு உழைத்த மக்களுக்கு இந்நாட்டு ஏடுகள் நெடுங்காலம் அரைப் பேரே போட்டு வந்தன.

ஆசிரிய நண்பர்களே, வரவு இடாப்பும் படிவமும் நாள்தோறும் நம் கையில் உள்ளன. அம்மாணவிக்கு நாம் கூறவேண்டியிருந்த விடை இதுதான்: "அம்மா, உன்னை எப்பெயரால் உலகம் அழைக்கவேண்டும் என்று நீ கருதுகின்றாயோ அப்பெயரை எழுது. படிவம் திரும்பி வருமாயின், எம் கையொப்பத்தையும் இட்டு மீண்டும் அனுப்புவோம்." முழுப் பேர் போடுதல் ஈகையன்று, உழைத்தவர்க்குத் தீர்க்கவேண்டிய கடன்.